நிறமூட்டிய சன்ஸ்கிறீனும் ஹாட்வெயார் கடைச் சிவப்பும்: இரண்டும் ஒரே இரும்பு ஒட்சைட்டுத்தானா?

கேள்வி: வாவிமகள் (களுவாஞ்சிக்குடி)

அனைவருக்கும் வணக்கம். நான் பாடசாலையொன்றில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணிபுரிகின்றேன். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டால் காலை எட்டு மணியிலிருந்து பாடசாலை விடும்வரை மைதானத்திலேயே நிற்க வேண்டியிருக்கும். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு இரு கன்னங்களிலும் மேலுதட்டின் மீதும் மங்கு படர்ந்துவிட்டது. தோல் வைத்தியரிடம் காட்டியபோது, இரவில் பூசுவதற்கு ஒரு கிறீமை எழுதித் தந்துவிட்டு, பகலில் கனிமம் சேர்ந்த சன்ஸ்கிறீன் பூசுங்கள், அதுவும் நிறம் சேர்த்ததாக இருந்தால் மிகவும் நல்லது என்றார். எனக்குப் பின்னால் நாற்பது பேர் காத்திருந்ததால், நிறம் எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முதலில் நிறமில்லாத ஒன்றை வாங்கிப் பூசினேன். வியர்த்ததும் முகம் முழுவதும் திருநீறு பூசியது போல வெளுத்துவிட்டது, ஏழாம் தரத்துப் பிள்ளையொன்று "டீச்சர், இண்டைக்குக் கோயிலுக்குப் போனீங்களா?" என்று கேட்டே விட்டது. அடுத்து, கொழும்பிலிருந்து ஒருவர் மூலம் நிறம் சேர்த்த ஒன்றை வரவழைத்தேன். அது வெள்ளைக்காரரின் தோலுக்குச் செய்த நிறம் போலும்; என் முகத்தில் இளஞ்சிவப்புச் சாம்பலாகத் தெரிகின்றது. விலையைச் சொன்னால் நீங்கள் என்னைத்தான் ஏசுவீர்கள்.

இனிதான் என் உண்மையான கேள்வி வருகின்றது. பெட்டியில் சிங்க் ஒக்சைட், டைட்டேனியம் டையொக்சைட், அயன் ஒக்சைட்ஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்த என் கணவர் (அவர் கட்டட வேலை ஒப்பந்தக்காரர்), "இந்த அயன் ஒக்சைட்டைத்தானே நாங்கள் சீமெந்துத் தரைக்குப் போடுகிறோம், ஹாட்வெயாரில் ஒரு பக்கெற் வாங்கினால் ஊருக்கே பூசலாமே" என்றார். சுயதொழிலாகச் சவர்க்காரம் செய்து விற்கும் என் மச்சாளும் அதைப் பிடித்துக்கொண்டு, சிங்க் ஒக்சைட் பொடியைத் தேங்காய் எண்ணெயிலும் தேன்மெழுகிலும் கலந்து, தேசிக்காய்ச் சாறு சிறிது விட்டு, சிவப்பு ஒக்சைட்டால் என் தோல் நிறத்துக்குக் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறாள். வேதியியல் பெயர் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றுதானே என்று அவர்கள் இருவரும் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: நிறக்கூடம் (வாழைச்சேனை)

வணக்கம் டீச்சர். நான் மேல் மாகாணத்தில் பெயின்ற் தொழிற்சாலையொன்றின் நிறம் பொருத்தும் பிரிவில் பல வருடங்கள் வேலைசெய்து, இப்போது ஊரோடு வந்துவிட்டவன். தோலைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. பொடிகளைப் பற்றி ஓரளவு தெரியும்.

உங்கள் கணவர் பெயரைப் பொறுத்தவரை சரியாகத்தான் சொல்லியிருக்கின்றார். சீமெந்துத் தரையின் சிவப்பும், கோயில் மதிலில் சுண்ணாம்புப் பட்டைக்குப் பக்கத்தில் அடிக்கும் காவியும், நிறம் சேர்த்த சன்ஸ்கிறீனின் சிவப்பும் அடிப்படையில் ஒரே இரும்பு ஒட்சைட்டுத்தான். மஞ்சளாக இருப்பது நீர் சேர்ந்த இரும்பு ஒட்சைட்டு. அதைச் சூடாக்கி நீரை வெளியேற்றினால் சிவப்பாக மாறும். சூளைக்குள் மஞ்சட் களிமண்ணாகப் போன கல் செங்கல்லாக வெளியே வருவதும் இதனால்தான். காந்தத்தில் ஒட்டும் இன்னொரு ஒட்சைட்டுக் கறுப்பு. இந்த மூன்றையும் வெள்ளையோடு கலந்தால், பால் தேநீரிலிருந்து கித்துள் கருப்பட்டி வரைக்கும் எந்த மனிதத் தோலின் நிறத்தையும் எட்டிவிடலாம். உங்கள் மச்சாள் சிவப்பை மட்டும் சேர்த்தால் கிடைப்பது தோல் நிறம் அல்ல, பூச்சட்டி நிறம்தான். நம்மவர்களின் நிறத்துக்கு மஞ்சளே கூடுதலாக வேண்டும், கறுப்பு ஒரு சிட்டிகை வேண்டும்.

ஆனால் தரம் என்ற இடத்தில் கணவரின் கணக்குப் பிழைக்கின்றது. அழகுசாதனத்துக்கான இரும்பு ஒட்சைட்டை மண்ணிலிருந்து தோண்டி எடுப்பதில்லை. இரும்பு உப்பைக் கரைத்து, வீழ்படிவாக்கி, கழுவி, உலர்த்தித் தயாரிக்கின்றார்கள். மண்ணிலிருந்து வரும் காவியோடு ஆசனிக்கும் ஈயமும் கூடவே வரக்கூடும் என்பதுதான் காரணம். அழகுசாதனத்தில் சேர்க்கும் இரும்பு ஒட்சைட்டில் பத்து இலட்சத்தில் ஆசனிக்கு 3 பங்கையும், ஈயம் 10 பங்கையும், இரசம் 3 பங்கையும் தாண்டக்கூடாது என்று அமெரிக்க விதி வரையறுத்துள்ளது. தரைக்குப் போடும் சிவப்பை இந்த அளவுகோலால் எவரும் சோதிப்பதில்லை, சோதிக்க வேண்டிய தேவையும் இல்லை. தரையில் யாரும் கன்னத்தை வைத்துத் தேய்ப்பதில்லை. அதில் நிறை கூட்டுவதற்காகச் சுண்ணாம்புப் பொடியோ பேரியப் பொடியோ கலந்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு. சில கடைகளில் வண்ணப் பொடிகளைச் சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே அகப்பையைப் பயன்படுத்துவார்கள். இரும்புக் கம்பிக்குத் துருப்பிடிக்காமல் அடித்துவந்த பழைய செந்நிறப் பொடி ஈய ஒட்சைட்டு. குரோம் மஞ்சள் என்பது ஈயக் குரோமேற்று. சாக்குகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அந்த அகப்பை எங்கெல்லாம் போய்வந்தது என்று யாருக்குத் தெரியும்?

அடுத்தது, அரைப்பு. உங்கள் கேள்வியைப் பார்த்தபின் ஒரு சோதனை செய்து பார்த்தேன். மகளின் சொறிக்கு வாங்கி வைத்திருந்த சிங்க் ஒக்சைட் பொடியில் ஒரு தேக்கரண்டி எடுத்து, நான்கு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் விட்டு, கை ஓயும்வரை கால் மணி நேரம் கலக்கினேன். கிண்ணத்தில் பார்த்தால் தயிர் போல வழவழப்பாக, ஒரு குறையும் சொல்ல முடியாததாக இருந்தது. அதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு, இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் மெல்லியதாக இழுத்து, யன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். திரிந்த பாலைப் போலத்தான் தெரிந்தது: வெள்ளைத் திட்டுகள் ஒருபுறம் திரண்டு நிற்க, அவற்றுக்கு நடுவே வெறும் எண்ணெய் மட்டும் உள்ள வழிகள் ஆறு கிளைத்தது போல ஓடின. அந்த வழிகளில் வெயிலை மறிக்க ஒன்றுமே இல்லை. மனைவியின் சன்ஸ்கிறீனை அதே மாதிரி இழுத்துப் பார்த்தபோது, மூச்சுப் பட்ட கண்ணாடி போல ஒரே சீரான மங்கலாக இருந்தது. இந்தப் பொடிகளின் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும் குணமுள்ளவை. அவற்றைப் பிரித்து, பிரிந்தவை மறுபடி ஒட்டாமல் வைத்திருப்பதற்கே தொழிற்சாலைகளில் உருளை ஆலைகளும் மணி ஆலைகளும் இருக்கின்றன. அகப்பையாலோ மிக்சியாலோ அந்த வேலையைச் செய்துமுடிக்க முடியாது.

டைட்டேனியம் டையொக்சைட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலிவான வெள்ளைப் பெயின்ற் அடித்த வெளிச்சுவரைச் சில வருடங்கள் கழித்துத் தடவினால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டும் அல்லவா? வெயில் பட்டதும் அந்தப் பொடி தன்னைச் சுற்றியுள்ள பசையையே சிதைத்துவிடுவதால் அப்படி நேர்கின்றது. இந்தக் குணம் அனற்றேசு என்ற பளிங்கு வடிவத்தில் அதிகம், உரூற்றைலில் குறைவு. ஆகவே தோலுக்குப் போவதைப் பெரும்பாலும் உரூற்றைலாக எடுத்து, ஒவ்வொரு துணிக்கைக்கும் சிலிக்கா, அலுமினா அல்லது சிலிக்கோன் மேலுறை போட்டே அனுப்புகின்றார்கள். பெயின்ற் பொடிக்கும் மேலுறை உண்டு, ஆனால் அது சுவரை நினைத்துப் போட்டது.

மற்றபடி இந்தக் கனிமங்கள் வேலை செய்யும் விதம் எளிதானது: கண்ணாடி போல வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன, அவ்வளவுதான்.

(திருக்கோவில் கரையில் இல்மனைற்று அகழ்வுக்கு எதிர்ப்புக் கிளம்பியபோது பலரும் அது என்ன மண் என்று கேட்டார்கள். புல்மோட்டையில் நெடுங்காலமாக அள்ளிக் கப்பலேற்றும் அந்தக் கறுப்பு மணலிலிருந்துதான் இந்த வெள்ளை டைட்டேனியப் பொடியைப் பிரித்தெடுக்கின்றார்கள். நம் கரையில் இருந்து கறுப்பாகப் போவது, வெள்ளையாகக் குழாயில் அடைபட்டு, பல மடங்கு விலையில் திரும்பி வருகின்றது.)

பதில் 2: மருந்தாளர் (கல்முனை)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நிறக்கூடம் ஐயா பொடியைப் பற்றிச் சொன்ன அனைத்தையும் ஏற்றுக்கொள்கின்றேன். கடைசியில் சொன்ன ஒன்றை மட்டும் திருத்த வேண்டியிருக்கின்றது. கனிம சன்ஸ்கிறீன் கண்ணாடி போல வெயிலைத் திருப்பி அனுப்புகின்றது என்று விளம்பரங்களும் சொல்கின்றன, நாங்களும் நெடுநாள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் கழியூதா (யூ.வி) கதிரைப் பொறுத்தவரை அவை திருப்பி அனுப்புவது நூற்றுக்கு நான்கைந்து பங்குதான். மீதியில் பெரும்பகுதியை உறிஞ்சி வெப்பமாக மாற்றிவிடுகின்றன. சிங்க் ஒக்சைட், நம் பாடப்புத்தக மொழியில் நாக ஒட்சைட்டு, ஏறத்தாழ 370 நனோமீற்றர் வரைக்கும் நன்றாக உறிஞ்சும். டைட்டேனியம் டையொக்சைட் அதைவிடக் குறுகிய அலைநீளங்களில், அதாவது தோலைச் சிவக்க வைத்துச் சுடும் பகுதியில், வலுவாக உறிஞ்சும். ஆகவேதான் இரண்டையும் சேர்த்துப் போடுகின்றார்கள். அவை உண்மையாகவே கண்ணாடி போலத் திருப்புவதும் சிதறடிப்பதும் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான். டீச்சரின் முகத்தில் தெரிந்த திருநீறு அதுவே. டைட்டேனியத்தின் முறிவுச் சுட்டி (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற எண்) 2.7 அளவு, சிங்க்கினுடையது 2 அளவு. எனவே ஒரே அளவு போட்டால் டைட்டேனியம்தான் கூடுதலாக வெளுக்கும்.

இனி, வைத்தியர் நிறம் சேர்த்ததைக் கேட்டதன் காரணத்துக்கு வருகின்றேன். மங்குக்குப் பகை கழியூதாக் கதிர் மட்டுமல்ல. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும், ஊதாவும் நீலமும் உள்ள 400 முதல் 450 நனோமீற்றர் வரையான பகுதி, நம்மைப் போன்ற மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் நிறமியைத் தூண்டிவிடுகின்றது. 2010ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், கட்புலனாகும் ஒளியைப் பாய்ச்சியபோது கருமையான தோலில் உண்டான கருமை, நீண்ட அலைக் கழியூதாவால் (யூ.வி.ஏ) உண்டானதைவிட ஆழமாகவும் நெடுநாள் நிலைப்பதாகவும் இருந்தது. வெளிறிய தோலிலோ அத்தகைய கருமை உண்டாகவில்லை. வெள்ளைக்காரரை வைத்தே சன்ஸ்கிறீனைச் சோதித்துவந்த காலத்தில் இந்த விடயம் யார் கண்ணிலும் படாமல் போனதில் வியப்பில்லை. சன்ஸ்கிறீன் பெட்டியில் போடும் எஸ்.பி.எஃப் என்ற எண்ணும் தோல் சிவப்பதை வைத்துக் கணக்கிடுவதே. மங்கைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை.

வெளுக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் சிங்க்கை நூறு நனோமீற்றருக்கும் குறைந்த துணிக்கையாக அரைத்துவிட்டால், கண்ணுக்குத் தெரியும் ஒளி தாராளமாக உள்ளே போய்விடும். கண்ணுக்குத் தெரியாத பூச்சு கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறிக்காது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊதா நீலப் பகுதியை உறிஞ்சுவது இரும்பு ஒட்சைட்டுத்தான். அது நீலத்தை விழுங்குவதனால்தான் நமக்கு மஞ்சளாகவும் சிவப்பாகவும் தெரிகின்றது. 2014ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் மங்கு உள்ளவர்களை இரு பிரிவாக்கி, இரு பிரிவினருக்கும் ஒரே இரவு மருந்தைக் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு இரும்பு ஒட்சைட்டுச் சேர்ந்த சன்ஸ்கிறீனையும் மற்றப் பிரிவினருக்கு அது சேராததையும் கொடுத்து எட்டு வாரங்கள் பார்த்தார்கள். நிறம் சேர்த்ததைப் பூசியவர்களுக்கே கூடுதலாகக் குறைந்தது. உங்கள் வைத்தியர் அழகுக்காக நிறத்தைக் கேட்கவில்லை, டீச்சர். இரவில் பூசும் கிறீம் தன் வேலையைச் செய்வதற்கு அது துணையாக இருக்கும். ஆசிரியர் அறையில் யன்னலோரம் உட்காருபவராக இருந்தால் அங்கும் பூசியிருங்கள், கண்ணாடி இந்த ஒளியை மறிக்காது.

மச்சாளின் செய்முறையில் என்னைத் திடுக்கிட வைத்தது தேசிக்காய். சிங்க் ஒக்சைட் அமிலத்தில் கரையும். தேசிக்காய்ச் சாறு பட்ட அளவுக்கு அது உப்பாக மாறி, வெயிலை மறிக்கும் குணத்தை இழந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, தேசிக்காயில் உள்ள ஒருவகைப் பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் பொக்களித்து, ஆறிய பிறகு மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கும். சர்பத் கடைகளில் நாள் முழுதும் தேசிக்காய் பிழிபவர்களின் கைகளில் இப்படிப்பட்ட கருந்தழும்புகளைக் கண்டிருக்கின்றேன். மங்கு உள்ள முகத்தில் தேசிக்காயைப் பூசிக்கொண்டு மைதானத்தில் நிற்பது வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான்.

வேறு சிலரும் கடையில் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகின்றேன். அம்மை போட்ட பிள்ளைகளுக்குப் பூசும் கலமைன் லோஷனின் ரோஸ் நிறம், சிங்க் ஒக்சைட்டில் அரை வீதமளவு இரும்பு ஒட்சைட்டுக் கலந்ததால் வந்தது. அப்படியானால் அதையே வெயிலுக்குப் பூசலாமே என்கின்றனர். குழந்தைகளின் அணையாடைச் சொறிக்குப் பூசும் சிங்க் ஒயின்ட்மென்டில் 15 வீதம் சிங்க் இருக்கின்றதே என்றும் கேட்கின்றனர். இவை சொறியை ஆற்றுவதற்கும் ஈரத்தைத் தடுப்பதற்கும் செய்தவை, சன்ஸ்கிறீனாகச் சோதிக்கப்படாதவை. ஐயா கண்ணாடியில் கண்ட அந்த வழிகள் இவற்றிலும் இருக்கலாம்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய வழி சிக்கனமானதுதான். நிறம் பொருந்தாத வெளிநாட்டுச் சாமானைத் தேடிக் காசைக் கரைக்காமல், எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாத, யூ.வி.ஏ பாதுகாப்பும் உள்ள சாதாரண சன்ஸ்கிறீன் ஒன்றை நிறமில்லாமலே வாங்குங்கள். அதன் மேல் உங்கள் தோல் நிறத்துக்குச் சரியாக இருக்கும் பவுண்டேஷனை மறைப்பாகப் பூசுங்கள். பவுண்டேஷன் பெட்டியில் 77491, 77492, 77499 என்ற எண்களைத் தேடுங்கள். அவை முறையே சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஒட்சைட்டுகளின் சருவதேச நிற எண்கள். 77891 டைட்டேனியம், 77947 சிங்க். 77019 என்றால் மைக்கா. மினுக்கம் தரும், வெயிலை மறிக்காது.

அளவில்தான் எல்லோரும் ஏமாறுகின்றனர். சோதனைக்கூடத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அந்த எஸ்.பி.எஃப் எண்ணைப் பெறுகின்றார்கள். ஒரு முகம் ஏறத்தாழ 400 சதுர சென்ரிமீற்றர் என்று வைத்தால் 0.8 கிராம் வேண்டும். கழுத்துக்கும் காதுக்கும் தனியாக. காலையிலும் இடைவேளையிலும் பூசினால் 50 கிராம் குழாய் ஒரு மாதத்தில் முடிய வேண்டும். ஆறு மாதமாக ஒரே குழாய் மேசையில் இருந்தால் நீங்கள் பூசியது சன்ஸ்கிறீனின் வாசனையை மட்டுமே.

கனிமம் என்றால் தீங்கற்றது என்று சிலர் நம்புவதைப் பற்றியும் ஒரு சிறு குறிப்பு. எங்கள் வீடுகளில் கண்ணுக்கு இடும் சுறுமாவும் கனிமம்தான். அசல் சுறுமாக் கல் என்று விற்பதில் பெரும்பாலானது ஈய சல்பைட்டு. முகத்தை வெளுக்க வைக்கும் சில பெயரறியாக் கிறீம்களில் இருக்கும் இரச உப்பும் கனிமம்தான். அவற்றைப் பூசினால் மங்கு வேகமாகக் குறைவது போலத் தெரியும், சிறுநீரகம் அதற்கு விலை கொடுக்கும்.

மச்சாள் பொடியோடு வேலை செய்வதாக இருந்தால் முகக்கவசம் அணியச் சொல்லுங்கள். டைட்டேனியப் பொடியை மூச்சோடு உள்ளிழுப்பதைப் புற்றுநோய்க்கான சருவதேச ஆய்வு முகவரகம் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் வைத்துள்ளது. தோலில் பூசிய கிறீமுக்கு இது பொருந்தாது.

பதில் 3: உல்லைக்கரை (பொத்துவில்)

நான் அறுகம்பையில் அலைச்சறுக்குப் பழக்குகின்றேன். மே முதல் ஒக்டோபர் வரை தினமும் நான்கு மணி நேரமாவது தண்ணீரில் இருப்பேன் என்பதால் அனுபவத்தை மட்டும் எழுதுகின்றேன்.

வெளிநாட்டவர்கள் மூக்கிலும் கன்னத்திலும் பூசியிருக்கும் மண்ணிறக் கட்டி, மெழுகில் சிங்க்கும் இரும்பு ஒட்சைட்டும் சேர்த்த கனமான பூச்சு. உதட்டுச்சாயம் போலக் குச்சியாகவும் சிறு தகர டப்பியாகவும் வருகின்றது. கனமாக இருப்பதால் தண்ணீரில் கரையாமல் நிற்கும். டீச்சர் அதை முகம் முழுக்கப் பூச முடியாது, மூச்சுமுட்டும். கன்ன எலும்பின் மேலும் மேலுதட்டிலும் மட்டும், அதாவது மங்கு உள்ள இடத்தில் மட்டும், மெல்லியதாகத் தட்டிவிடலாம். நீரில் தாங்கும் என்று எழுதியிருந்தாலும், அது 40 நிமிடமோ 80 நிமிடமோ என்று பார்த்து வாங்குங்கள்; வியர்வைக்கும் அதே கணக்குத்தான். கழற்றும்போது சவர்க்காரம் போட்டுத் தேய்த்துப் பயனில்லை. முதலில் தேங்காய் எண்ணெயால் துடைத்து, பிறகு முகம் கழுவ வேண்டும். வெள்ளை மேற்சட்டையின் கழுத்தில் பட்டால் மண்ணிறக் கறை போகவே போகாது என்பதையும் சொல்லிவிடுகின்றேன்.

கடலில் நிற்கும்போது கீழிருந்தும் வெயில் அடிக்கின்றது. மணல் நூற்றுக்கு 15 பங்கு கழியூதாவைத் திருப்பி அடிக்கும், அலை நுரை 25 பங்கு. உங்கள் மைதானம் புல்லாக இருந்தால் தப்பித்தீர்கள், எங்கள் பக்கப் பாடசாலை மைதானங்கள் போல வெறும் வெள்ளை மணலாக இருந்தால் அகன்ற விளிம்புத் தொப்பி போட்டும் தாடைக்குப் பூச வேண்டும்.

வாவிமகள் (களுவாஞ்சிக்குடி)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் மைதானமும் மணல்தான்.

மச்சாளிடம் தேசிக்காயைப் பற்றிச் சொன்னபோது முதலில் முகம் சுளித்தாள். பிறகு, போன வருடம் வெயிலில் நின்று தேசிக்காய் ஊறுகாய் போட்ட நாளில் தன் புறங்கையில் ஏற்பட்ட கறுப்புக் கோடுகளை அவளே காட்டினாள். எண்ணெய் தெறித்ததால் வந்தது என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாளாம். கண்ணாடிச் சோதனையையும் நாங்கள் செய்து பார்த்தோம். அவள் மிக்சியில் அடித்ததில் ஐயா சொன்ன வழிகள் குறைவாக இருந்தாலும் இருக்கத்தான் செய்தன, அதுவும் ஒரு மணி நேரத்தில் பொடியெல்லாம் அடியில் படிந்துவிட்டது.

என் பழைய பவுண்டேஷன் பெட்டியைத் தேடி எடுத்தேன். கூட்டல் கழித்தல் குறி ஒன்றைப் போட்டு, அதன் பின்னால் 77891, 77491, 77492, 77499 என்று எழுதியிருக்கின்றார்கள். அந்தக் குறிக்கு என்ன பொருள்? இன்னொன்று: என் நிறத்துக்குப் பொருந்தும் பவுண்டேஷன் கொஞ்சம் கருமை. ஒரு படி வெளிறியதை வாங்கினால் முகம் பளிச்சென்று இருக்கும் என்று கடைப்பெண் சொல்கிறாள். பாதுகாப்பில் வித்தியாசம் வருமா?

பதில் 4: மருந்தாளர் (கல்முனை)

அந்தக் குறி, 'இந்த வரிசையில் உள்ள நிறங்களில் சில இருக்கலாம், சில இல்லாமலும் இருக்கலாம்' என்பதற்கு அடையாளம். ஒரே பெட்டியை எல்லா நிறங்களுக்கும் அச்சிடுவதால் இப்படிப் போடுகின்றார்கள். உங்கள் பவுண்டேஷன் மண்ணிறமாக இருந்து, பட்டியலில் இந்த எண்களைத் தவிர வேறு சாயம் இல்லையென்றால், அந்த மண்ணிறம் இரும்பு ஒட்சைட்டால் வந்ததுதான்.

கடைப்பெண் சொன்னதைக் கேட்க வேண்டாம், டீச்சர். வெளிறிய நிறத்தில் டைட்டேனியம் கூடுதலாகவும் இரும்பு ஒட்சைட்டுக் குறைவாகவும் இருக்கும். கருமை கூடக்கூட இரும்பும் கூடும். உங்கள் தோலுக்குச் சரியாகப் பொருந்தும் நிறமே உங்கள் மங்குக்கும் கூடுதலான மறைப்பு. சன்ஸ்கிறீன் பூசிக் கால் மணி நேரம் காயவிட்டு, பவுண்டேஷனைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் பூசுங்கள். தேய்த்தால் கீழே உள்ள படையும் கலைந்து, ஐயாவின் கண்ணாடி மறுபடி உங்கள் கன்னத்தில் வந்துவிடும். இரவு கிறீமை நான்கு மாதம் ஆறு மாதம் என்று நீங்களாக நீட்டாமல், வைத்தியர் குறித்த நாளில் திரும்பக் காட்டுங்கள்.

பதில் 5: நிறக்கூடம் (வாழைச்சேனை)

மருந்தாளர் தம்பி கண்ணாடிக் கதையைத் திருத்தியதற்கு நன்றி. இத்தனை வருடம் வெள்ளைப் பெயின்றை எடைபோட்டவனுக்கு எல்லாமே திருப்பி அனுப்புவதாகத்தான் தோன்றியிருக்கின்றது.

மச்சாள் சவர்க்காரத்துக்கு நிறம் போடுவதாக இருந்தாலும் தரைச் சிவப்பு வேண்டாம். அழகுசாதனத் தரம் என்று எழுதி, சோதனைச் சான்றோடு வருவதைச் சிறு பொதியாக வாங்கினால் போதும், ஒரு கிலோ சவர்க்காரத்துக்கு ஒரு தேக்கரண்டிகூடச் செல்லாது. உங்கள் கணவர் ஏற்கெனவே அந்தப் பக்கெற்றை வாங்கிவிட்டிருந்தால் விறாந்தைப் படிக்குப் போடட்டும். சீமெந்தின் நிறையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல், சீமெந்தோடு உலர்ந்தபடியே கலந்து சலித்த பிறகு தண்ணீர் விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அங்கேயும் திட்டுத் திட்டாகத்தான் வரும்.